அப்டேட்டுக்குப் பின் ஒலி தடுமாறினால்

மேசைக் கணினியில் சிஸ்டம் அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆனபின் ஒலியில் தோன்றும் கோளாறுகள் நான்கு வகைப்படும்: ஒலியே வராமை, விட்டு விட்டு ஒலித்தல், கரகரப்பும் 'டிக் டிக்' ஓசையும், ஒலி வந்தும் தரம் குன்றிப்போதல். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. ஆகவே எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் எதிலும் கைவைக்கக் கூடாது.

சென்னையின் தெற்குப் புறநகரான கோவிலம்பாக்கம், மேடவாக்கம், கீழ்க்கட்டளை, நன்மங்கலம் வட்டாரத்து வீடுகளில் அலுவலகக் கூட்டமும் பிள்ளைகளின் டியூஷனும் பாட்டு வகுப்பும் ஒரே அசெம்பிள்டு சிஸ்டத்தில் நடப்பதுண்டு. அப்படிப்பட்ட கணினியில் ஒலி நின்றால் சிபியுவைத் தூக்கிக்கொண்டு ரிச்சி தெருவிலுள்ள கணினிக் கடைகளுக்குப் போகவோ, விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி போடவோ தோன்றும். பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படுவதில்லை. அப்டேட் ஒரு பாகத்தைக் கெடுப்பது அரிது. அமைப்புகளை மாற்றிவிடுவதும் டிரைவரை மாற்றிவிடுவதுமே அதன் வழக்கம்.

ஒலி போகும் வழி

ஒரு பாட்டு ஸ்பீக்கரை அடையும் முன் ஐந்து கட்டங்களைக் கடக்கிறது. பிளேயரோ பிரவுசரோ கோப்பை விரித்து எண்களாக்குகிறது. இயங்குதளத்தின் ஒலிச் சேவை எல்லா ஆப்களின் ஒலியையும் ஒன்றாகக் கலக்கிறது. டிரைவர் அதை வன்பொருளுக்கு அனுப்புகிறது. மதர்போர்டில் உள்ள ஆடியோ சிப் எண்களை மின்னலையாக மாற்றுகிறது. கடைசிக் கட்டம் ஜாக்கு, வயர், ஸ்பீக்கர். இவற்றில் சிஸ்டம் அப்டேட் தொடுவது நடுவிலுள்ள இரண்டை மட்டுமே: ஒலிச் சேவையையும் டிரைவரையும்.

சிடி தரத்தில் நொடிக்கு 44,100 எண்கள். வீடியோக்களில் வழக்கமாக 48,000. விண்டோஸின் ஒலிச் சேவை பொதுவாக 10 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒரு கட்டை அனுப்புகிறது. 48,000 வேகத்தில் ஒரு கட்டில் 480 எண்கள். அடுத்த கட்டு நேரத்துக்கு வராவிட்டால் ஸ்பீக்கரில் ஒரு வெற்றிடம் விழுகிறது. காதில் அது 'டிக்' என்றோ வெட்டு என்றோ கேட்கிறது. இத்தகைய தாமதத்தைத் தாங்குவதற்காக வைக்கப்படுவது பஃபர். மோட்டார் சற்று நின்றாலும் மாடித் தொட்டியில் தண்ணீர் உள்ளவரை குழாயில் வருவது போல, பஃபர் பெரிதாக இருந்தால் சிறு தாமதங்கள் வெளியே தெரிவதில்லை. ஆனால் பஃபர் பெரிதாக ஆக ஒலி பின்தங்கி வரும். இசைப் பதிவுக்கும் நேரடி உரையாடலுக்கும் அது ஒத்துவராது.

மூன்று சோதனைகள்

முதல் சோதனை: கணினியிலேயே சேமித்த ஒரு பாட்டை ஓட்டிப் பார்ப்பது. அது சீராக ஒலித்து யூடியூப் மட்டும் தடுமாறினால் குறை இணைய இணைப்பிலோ பிரவுசரிலோ இருக்கிறது. இந்த அத்தியாயம் அதற்கு உரியதன்று.

இரண்டாவது: ஒலி வெளிவரும் இடத்தை மாற்றுவது. கேபினட்டின் முன் ஜாக்கில் உள்ள ஹெட்போனைப் பின்பக்கத்துப் பச்சை ஜாக்கில் செருகிப் பார்க்க வேண்டும். பின்பக்கத்தில் சரியாக ஒலித்தால் முன் ஜாக்கோ, அதிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் வயரோ பழுது. யூஎஸ்பி ஹெட்செட் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் தனி ஆடியோ சிப் இருப்பதால் மதர்போர்டின் சிப்பும் அதன் டிரைவரும் வழியிலிருந்து விலகிவிடும். யூஎஸ்பியில் சரியாகவும் ஜாக்கில் தவறாகவும் ஒலித்தால் மதர்போர்டு சிப்பின் டிரைவரையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது: லினக்ஸ் ஏற்றிய லைவ் பென்டிரைவில் கணினியைத் தொடங்குவது. ஹார்டு டிஸ்க்கில் உள்ள எதையும் தொடாமல் வேறொரு இயங்குதளம் ஓடும். அதில் ஒலி தெளிவாக வந்தால் வன்பொருள் நன்றாக இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். அங்கும் அதே கரகரப்பு வந்தால் குறை அப்டேட்டில் இருக்க வாய்ப்பு குறைவு.

அப்டேட் மாற்றிவிடும் அமைப்புகள்

ஒலியே வராதபோது முதலில் பார்க்க வேண்டியது, ஒலி எங்கே போகிறது என்பது. எச்டிஎம்ஐ வயரில் படத்தோடு ஒலியும் போகும். கிராஃபிக்ஸ் டிரைவர் புதுப்பிக்கப்பட்டபின் விண்டோஸ் மானிட்டரையே ஒலிக் கருவியாகத் தேர்ந்துகொள்வது அடிக்கடி நடக்கும். மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் எல்லாம் ஓடுவது போலத் தெரியும், சத்தம் மட்டும் இருக்காது. டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு வெளியீட்டுக் கருவியை மாற்றினால் தீர்ந்துவிடும்.

அடுத்து வால்யூம் மிக்சர். ஒவ்வொரு ஆப்புக்கும் தனி ஒலி அளவும் தனி வெளியீட்டுக் கருவியும் விண்டோஸில் உண்டு. ஒரு ஆப் மட்டும் ஊமையானால் காரணம் இங்கே இருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், சவுண்ட், வால்யூம் மிக்சர் என்று போனால் கீழே ரீசெட் பொத்தான் இருக்கிறது. அது எல்லா ஆப்களையும் இயல்பு நிலைக்குக் கொண்டுவரும்.

கரகரப்புக்கும் தரக்குறைவுக்கும் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' முக்கியமான சந்தேகப்புள்ளி. பாஸ் கூட்டுதல், அறை எதிரொலி, இரைச்சல் நீக்கம் போன்ற இந்த வேலைகளை டிரைவரோடு வரும் சிறு நிரல்கள் செய்கின்றன. இயங்குதளம் மாறி இந்த நிரல் பழையதாகவே இருந்தால் மோதல் வரும். 2024 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் இது நடந்தது. டிராக் ஆடியோ மென்பொருள் கொண்ட சில கணினிகளில் உள் ஸ்பீக்கரும் புளூடூத் ஹெட்செட்டும் வேலை செய்யாமல் போயின. புதிய டிரைவர் வரும்வரை அத்தகைய கணினிகளுக்கு அந்த அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுத்தி வைத்தது. சவுண்ட் பக்கத்தில் வெளியீட்டுக் கருவியைத் திறந்து என்ஹான்ஸ்மென்ட்ஸை 'ஆஃப்' செய்து பார்ப்பது ஒரு நிமிட வேலை. ஸ்பேஷியல் சவுண்ட் இயங்கினால் அதையும் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

அதே பக்கத்தில் ஃபார்மட் என்ற தேர்வில் 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ் என்று வைப்பது பொது உபயோகத்துக்குப் போதும். 96,000, 192,000 என்று ஏறியிருந்தால் இறக்கிப் பார்க்க வேண்டும். பழைய கணினியில் அந்த வேகமே விட்டு விட்டு ஒலிக்கக் காரணமாகலாம்.

அழைப்பு வந்ததும் பாட்டின் ஒலி தானே தாழ்ந்துபோவது கோளாறன்று. 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' பெட்டியின் கம்யூனிகேஷன்ஸ் பகுதியில், அழைப்பின்போது மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும் தேர்வு இயல்பாகவே இருக்கிறது. 'டூ நத்திங்' என்று மாற்றினால் நின்றுவிடும்.

டிரைவர்

அமைப்புகளில் குறை இல்லையென்றால் அடுத்தது டிரைவர். ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் ஒலிக் கருவிகள் தனித் தலைப்பில் வரும். மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் ஏறவில்லை என்று பொருள். கருவியின் பிராப்பர்ட்டீஸில் டிரைவர் பகுதியில் தேதி இருக்கும். அது அப்டேட்டோடு மாறியிருந்தால் 'ரோல் பேக் டிரைவர்' முதல் மருந்து. அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் திரும்பிப் போகப் பழைய டிரைவர் இல்லை.

அப்போது இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மதர்போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடல் எண்ணுக்கு உரிய டிரைவரை இறக்கிப் போடுவது. மாடல் எண் மதர்போர்டின் மேலேயே அச்சாகியிருக்கும். இன்னொன்று, இருக்கும் டிரைவரை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்வது. நீக்கும்போது டிரைவர் கோப்பையும் அகற்றும் பெட்டியில் டிக் செய்தால் விண்டோஸ் தன்னிடமுள்ள பொது டிரைவரை ஏற்றும். பெயர் 'ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்' என்று மாறும். தனிச்சிறப்புகள் போய்விடும், ஆனால் ஒலி வரும். பொது டிரைவரில் சரியாக ஒலித்தால் குறை எங்கே என்பதும் முடிவாகிவிடும். டிரைவர்களைத் தேடித் தரும் 'டிரைவர் அப்டேட்டர்' மென்பொருள்களை நம்பி ஏற்றுவது புதிய கோளாறுகளுக்கு வழி.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. அதையொட்டிப் பலர் விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். பழைய மதர்போர்டுகளுக்குத் தயாரிப்பு நிறுவனம் புதிய டிரைவர் வெளியிடாமல் இருக்கலாம். அங்கே பொது டிரைவரே நிலையான தீர்வாக அமையும்.

விட்டு விட்டு ஒலித்தல்

ஒலி வருகிறது, ஆனால் இடையிடையே வெட்டுகிறது என்றால் அது நேரப் பிசகு. ஆடியோ சிப்பின் டிரைவரில் தவறே இல்லாமலும் இது நேரலாம். வைஃபை டிரைவரோ கிராஃபிக்ஸ் டிரைவரோ பிராசசரை ஒரே மூச்சில் அதிக நேரம் பிடித்துவைத்தால் ஒலிக் கட்டு தாமதமாகும். இதைக் கண்டுபிடிக்க 'லேட்டன்சிமான்' என்ற மென்பொருள் உதவும். சில நிமிடங்கள் ஓடவிட்டால் எந்த டிரைவர் அதிகத் தாமதம் தருகிறது என்று பெயரோடு காட்டும். மென்பொருள் இல்லாமலும் ஒரு வழி உண்டு: வைஃபையை நிறுத்திவிட்டு, சேமித்த பாட்டை ஓட்டுவது. வெட்டு நின்றால் வைஃபை டிரைவரையே மாற்ற வேண்டும். ஒலி டிரைவரை மாற்றிப் பயனில்லை.

அப்டேட் முடிந்த முதல் சில மணி நேரம் பின்னணியில் கோப்புகளை அட்டவணைப்படுத்துதல், வைரஸ் சோதனை போன்ற வேலைகள் ஓடும். ஹார்டு டிஸ்க் உள்ள பழைய கணினிகளில் இதனாலேயே ஒலி வெட்டும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் உபயோகம் 100 சதவீதத்தில் நின்றால், அது தணியும்வரை காத்திருப்பதே சரி.

ஏஎம்டி ரைசன் கணினிகளுக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. விண்டோஸ் 11 டிபிஎம் என்ற பாதுகாப்பு அம்சத்தைக் கட்டாயமாக்கியது. ரைசனில் அது எஃப்டிபிஎம் என்ற பெயரில் மதர்போர்டின் ஃபிளாஷ் நினைவகத்தைப் பயன்படுத்துகிறது. அந்த வாசிப்பு நீளும்போது கணினி முழுவதும் ஒரு கணம் உறைந்து ஒலியும் திக்கும். 2022 மார்ச்சில் ஏஎம்டி இதை ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு மே முதல் மதர்போர்டு நிறுவனங்கள் வழியாகத் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸ் திருத்தப்பட்டு வந்தது. பழைய பயாஸோடு ஓடும் ரைசன் கணினியில் ஒலியும் மவுசும் சேர்ந்து திக்கினால் பயாஸ் அப்டேட் தேவை. அந்த வேலையின் நடுவே கரண்ட் போனால் மதர்போர்டே முடங்கக்கூடும். யுபிஎஸ் இல்லாமல் தொடங்கக் கூடாது.

யூஎஸ்பி டிஏசியும் புளூடூத்தும்

தரமான ஒலிக்காக வெளியே இணைக்கப்படும் யூஎஸ்பி டிஏசி கருவிகள் 2025 ஜனவரி 14-ஆம் தேதி வெளியான விண்டோஸ் அப்டேட்களுக்குப் பிறகு பல கணினிகளில் நின்றுபோயின. டிவைஸ் மேனேஜரில் 'கோட் 10' என்ற பிழையும், போதிய சிஸ்டம் வளங்கள் இல்லை என்ற செய்தியும் வந்தன. பழைய யூஎஸ்பி ஆடியோ 1.0 டிரைவரில் இயங்கிய கருவிகளே பாதிக்கப்பட்டன. அதே மாத இறுதியிலிருந்து வந்த அப்டேட்களில் மைக்ரோசாஃப்ட் இதைச் சரிசெய்தது. அதற்குள் நல்ல கருவியைப் பழுது என்று ஒதுக்கியிருந்தால் வீண் செலவு. இப்படிப்பட்ட பொதுக் குறைகளை மைக்ரோசாஃப்ட் தன் 'விண்டோஸ் ரிலீஸ் ஹெல்த்' பக்கத்தில் பட்டியலிடுகிறது. பெரிய மாற்றம் எதையும் செய்யும் முன் அதை ஒருமுறை பார்ப்பது நல்லது.

புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு திடீரென்று டெலிபோன் குரல் போலாகிவிட்டால், மைக் இயங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இசைக்கு உரிய முறையும் பேச்சுக்கு உரிய 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ' முறையும் வேறு வேறு. பின்னணியில் ஏதோ ஒரு ஆப் மைக்கைப் பிடித்திருக்கும். அதை மூடினாலோ, மைக்காக வேறு கருவியைத் தேர்ந்தாலோ தரம் திரும்பும். புளூடூத் டாங்கிளின் பக்கத்தில் யூஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் இருந்தாலும் ஒலி வெட்டும். யூஎஸ்பி 3.0 வெளிவிடும் ரேடியோ இரைச்சல் புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுவதே காரணம். டாங்கிளை நீட்டிப்பு வயரில் தள்ளிவைத்தால் போதும்.

இணையவழி இசை வகுப்பு

பாட்டு, வீணை, மிருதங்க வகுப்புகளை இணையத்தில் நடத்துவோருக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. மாறாமல் தொடர்ந்து ஒலிக்கும் எதையும் இரைச்சல் நீக்கம் மின்விசிறிச் சத்தம் போன்றதாகக் கருதி அழிக்கப் பார்க்கும். தம்புராவும் சுருதிப்பெட்டியும் அத்தகைய ஒலிகள்தாம். நீண்ட கார்வையும் தேய்ந்துபோகும். மிருதங்கத்தின் ஓசை துண்டாகும். அப்டேட்டுக்குப் பின் மாணவருக்குச் சுருதி கேட்கவில்லை என்றால், இரைச்சல் நீக்கம் மீண்டும் இயங்கத் தொடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூம் ஆப்பில் இசைக்கலைஞர்களுக்கான 'ஒரிஜினல் சவுண்ட்' தேர்வை இயக்க வேண்டும். விண்டோஸின் மைக் அமைப்பிலும் என்ஹான்ஸ்மென்ட்ஸ் நிறுத்தப்பட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மாற்றினால் மற்றது தொடர்ந்து வெட்டிக்கொண்டிருக்கும்.

லினக்ஸ் கணினிகள்

சென்னைக்கு லினக்ஸ் புதிதன்று. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சி-டாக்கின் சென்னை மையமும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தின. அம்முயற்சியில் பிறந்த 'பாஸ்' இயங்குதளம் 2007-இல் வெளியானது. அது டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே டெபியனில் வரும் ஒலி மாற்றங்கள் அதையும் சேரும்.

அண்மைக்கால மாற்றங்களில் பெரியது, பல்ஸ்ஆடியோ என்ற ஒலிச் சேவையின் இடத்துக்குப் பைப்வயர் வந்தது. ஃபெடோரா 2021 ஏப்ரலில் 34-ஆம் பதிப்பிலும், உபுண்டு 2022 அக்டோபரில் 22.10 பதிப்பிலும் மாறின. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12-இல் க்னோம் டெஸ்க்டாப்புக்குப் பைப்வயர் இயல்பானது. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்திய கணினியில் இரண்டு சேவைகளும் இருந்துவிட்டால் ஒரே சிப்புக்கு இரண்டும் போட்டியிடும். ஒலி ஒரு முறை வரும், மறுமுறை வராது. பேக்கேஜ் மேனேஜரில் பார்த்து இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, லாகவுட் செய்து மீண்டும் நுழைய வேண்டும்.

கணினி சும்மா இருந்தபின் பாட்டின் முதல் எழுத்து விழுங்கப்பட்டாலோ, 'டப்' என்று கேட்டாலோ காரணம் மின்சேமிப்பு. பைப்வயரோடு இயங்கும் வயர்பிளம்பர் 5 நொடி ஒலி இல்லாவிட்டால் கருவியை உறங்கவைக்கிறது. அந்த நேரத்தைப் பூஜ்யமாக்கினால் உறக்கம் நின்றுவிடும். லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் மாறிய பிறகே கோளாறு வந்தது என்றால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாகப் பழைய கர்னலைத் தேர்ந்து பார்க்கலாம். பழையதில் ஒலி வந்தால், திருத்திய கர்னல் வரும்வரை அதிலேயே இருக்கலாம்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்து லினக்ஸில் மட்டும் ஒலி இல்லையென்றால் விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' தேர்வை நிறுத்த வேண்டும். அது இருக்கும்வரை ஷட்டவுன் முழு ஷட்டவுனாக இருப்பதில்லை. ஆடியோ சிப் பாதி நிலையில் விடப்படலாம்.

அப்டேட் மேல் பழி போடக் கூடாதவை

ஸ்பீக்கரில் தொடர்ந்து 'உம்ம்' என்ற முரல் கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்தின் ஓசை. எர்த் இல்லாத பிளக்கு, சிபியுவும் ஸ்பீக்கரும் வெவ்வேறு பிளக் பாயிண்டில் இருத்தல் ஆகியவை வழக்கமான காரணங்கள். இரண்டையும் எர்த் உள்ள ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகிப் பார்க்க வேண்டும். ஈரக் காற்றில் ஜாக்குகள் கறுத்து, வயரை அசைத்தால் மட்டும் ஒலி வருவதும் உண்டு. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைக் கண்ட தெற்குப் புறநகரில் சிபியுவைத் தரையில் வைப்பது எந்த வகையிலும் நல்லதன்று.

அப்டேட் நடுவில் கரண்ட் போய்க் கணினி அணைந்திருந்தால் சிஸ்டம் கோப்புகள் சேதமாகியிருக்கலாம். விண்டோஸின் 'சிஸ்டம் ஃபைல் செக்கர்' அவற்றைச் சோதித்துச் சரிசெய்யும்; அதன்பின் மேலே சொன்ன வரிசையைத் தொடரலாம்.

பின்வாங்கும் வழி

எதுவும் பலிக்காதபோதுதான் அப்டேட்டை நீக்க வேண்டும். மாதாந்திர அப்டேட் என்றால் விண்டோஸ் அப்டேட் பக்கத்தின் 'அப்டேட் ஹிஸ்டரி'யில் நீக்கும் வழி இருக்கிறது. பதிப்பே மாறியிருந்தால் 'ரிகவரி' பக்கத்தில் 'கோ பேக்' பொத்தான் உண்டு. அது இயல்பாக 10 நாள் வரைதான் இருக்கும். இடம் பிடிக்கிறது என்று பழைய விண்டோஸ் கோப்புகளை அதற்குள் அழித்துவிட்டால் திரும்ப முடியாது. நீக்கிய அப்டேட் மறுபடி ஏறாதிருக்க, விண்டோஸ் 11-இல் 5 வாரம் வரை நிறுத்தி வைக்கலாம். அதற்கு மேல் தள்ளிப்போடுவது தவறு. அந்த அப்டேட்டில்தான் பாதுகாப்புத் திருத்தங்களும் இருக்கின்றன.

எந்த நிலையிலும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஒலியைச் சோதித்து, பலன் இல்லையென்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். வெளியீட்டுக் கருவி, மிக்சர், என்ஹான்ஸ்மென்ட்ஸ், டிரைவர், பயாஸ், அப்டேட் நீக்கம் என்பதே வரிசை. இத்தனைக்கும் பிறகு லைவ் பென்டிரைவிலும் ஒலி வராவிட்டால் ஆடியோ சிப் பழுது என்று கொள்ளலாம். அப்போதும் மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றே போதும்.